தெல்லிப்பழைக்கு முப்பத்திரண்டு நிமிடம்

கடை வாசலிலேயே ஒரு போன், யாரும் கேட்காமல் தானாக வாய் திறந்து, என் வீட்டில் எனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்த ஒன்றை என் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பதினொரு வருடமாக நான் என் அக்காவோடு கதைக்கவில்லை. எங்களைச் சேர்த்துவைக்கச் சொந்தக்காரர் வந்தார்கள், கோயில் ஐயர் வந்தார், என் மகள் வெளிநாட்டிலிருந்து அழுதாள். நான் மசியவில்லை. கடைசியில் ஒரு கண்டறியாத போன் வந்து என்னை உலுப்பிப் போட்டது.

என் பேர் குணலட்சுமி, வீட்டில் குணம். வீடு சண்டிலிப்பாயில். என் கணவர் குகதாசன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். எங்களிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருக்கிறது. மகள் நிவேதனா நோர்வேயில் இருந்து போன வருடம் கைக்குழந்தையோடு வந்தபோது, கூட்டிவர அந்தக் காரில்தான் கட்டுநாயக்காவுக்குப் போனோம். இவருடைய பழைய போன் வழி சொல்லிக்கொண்டு வந்தது. புத்தளம் தாண்டினதும் அது வெயிலில் கொதித்து அணைந்துவிட்டது. "எனக்கு வழி தெரியும்" என்று இவர் ஒரு றோட்டால் திருப்பினார். போய் நின்ற இடம் யாரோ ஒருவருடைய தென்னந்தோட்டம். பிள்ளை இரண்டரை மணித்தியாலம் குழந்தையோடு விமான நிலைய வாசலில் காத்து நின்றாள்.

அடுத்த மாதம் அவள் மறுபடி வருகிறாள். காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து வழி பார்க்க நல்ல போன் ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இவர் வேண்டாம் என்றார். அதுதான் எனக்கு விளங்கவில்லை. புது ரேடியோ வந்தாலும், புது மின்விசிறி வந்தாலும் ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்க்கிற மனிசன் இவர். "பழைய போனே காணும்" என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை நல்ல நாள் இல்லை" என்றார். பஞ்சாங்கத்தைக் கையால் தொடாத ஆளுக்குத் திடீரென்று நாள் பார்க்க வந்துவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் இவர் காரை எடுத்துக்கொண்டு வெளியே போகிற நாட்கள். நாலு மாதமாக அப்படித்தான். எங்கே என்று நான் கேட்டதில்லை. வெளிக்கிட்டு நிற்கிற ஆளைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் செய்யமாட்டார்கள், நான் செத்தாலும் செய்யமாட்டேன். போய் வருகிறேன் என்பதற்கு இவர் "போட்டு வாறன்" என்பார், நான் "ஓம்" என்பேன், படலையைச் சாத்துவேன். பென்சன்காரர் சங்கக் கூட்டமாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இவரைப் பிடித்து இழுக்காத குறையாகக் காரில் ஏற்றினேன். "ரெண்டு மணிக்கு முன்னம் திரும்பி வந்திட வேணும்" என்று மூன்று தரம் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிக்கிட்ட சந்தோசத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"இஞ்சருங்கோ, தைப்பொங்கலோடை மதிலுக்கு மேலை இன்னும் ரெண்டு வரி கல்லு வைச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியளே? நாலு மாசமா அவளின்ரை சத்தமே இல்லை. காதுக்கு நிம்மதி" என்றேன்.

அவள் என்றால் என் அக்கா கனகாம்பிகை. என் வளவுக்குப் பின்னால் அவளுடைய வளவு. அம்மாவின் ஒரே காணியை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதனமாகத் தந்தார்கள். நடுவில் கிளுவை வேலி. வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து போய்வருகிற இடைவெளி. பதினொரு வருடத்துக்கு முன் வேலி அடைத்தபோது கதியால் தடி எல்லாம் என் பக்கம் ஒரு முழம் தள்ளி வந்துவிட்டது. அவள்தான் அரக்கினாள், வேண்டுமென்றே தள்ளி நட்டாள் என்று நான் சொன்னேன். இல்லை என்று அவள் சொன்னாள். வாய் தடித்தது. "நான் செத்துக் கிடந்தாலும் என்ரை வளவுக்குள்ளை கால் வைக்காதை" என்று நான் சொன்னேன். பிறகு மகள் அனுப்பிய காசில் எட்டடி மதில் கட்டினேன். அவளுடைய படலை பின் ஒழுங்கையில் இருப்பதால் ஆளை ஆள் காண வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

ஆனால் அவளுடைய குரலை மதிலால் மறிக்க முடியவில்லை. அக்கா காகம் கலைத்தால் கோயிலடியில் நிற்கிறவனுக்கும் கேட்கும். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றி எரியும். அதுதான் பொங்கலோடு மதிலை உயர்த்தினேன். அதோடு சத்தமும் நின்றது. நான் சொன்னதைக் கேட்டு இவர் கியரைப் படாரென்று மாற்றினார்.

கடை யாழ்ப்பாணம் ரவுணில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட. அங்கே நின்ற சாருஜா என்ற பிள்ளை கெட்டிக்காரி. எடுத்த எடுப்பிலேயே எத்தனை போன் இருக்கிறது என்று அளக்காமல், "அன்ரி, எதுக்குப் பாவிக்கப் போறியள்?" என்று கேட்டாள். நான் தென்னந்தோட்டக் கதையை முழுதாகச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் கடை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப கமராவைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்றாள் சாருஜா. "வெயிலுக்கை ஸ்கிரீன் தெரியவேணும். கண்ணாடிக்குப் பக்கத்திலை இருந்து கொதிச்சு அணையக்கூடாது. செற்றலைட்டைக் கெதியாப் பிடிக்கவேணும், இல்லாட்டி நீங்கள் சந்தியைத் தாண்டினாப் பிறகுதான் திரும்பச் சொல்லும். வில்பத்துப் பக்கம் சிக்னல் இல்லாத இடம் இருக்கு, அதுக்கு றோட்டு மப்பை முன்கூட்டியே இறக்கி வைக்க இடமும் வேணும்."

"சத்தமும் வேணும் பிள்ளை" என்றேன். "இவருக்கு இடது காது மந்தம். நான் கத்திக் கத்தி என்ரை தொண்டை போச்சு."

சாருஜா மூன்று போனை வரிசையாக வைத்து, மூன்றிலும் வழி சொல்கிற குரலைப் போட்டுக் காட்டினாள். முதலாவது போன் எலி கத்துகிற மாதிரிக் கத்தியது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் "வலதுபுறம் திரும்பவும்" என்று அந்தப் பொம்பிளை சொன்னபோது கடைக்குள் நின்ற நாலு பேரும் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இந்தியத் தமிழ்தான், ஆனால் அப்படி ஒரு கணீர்க் குரல். அக்காவின் குரல் மாதிரி ஊருக்கே கேட்கும் என்று மனதில் வந்துவிட்டது. அந்த நினைப்பு வந்ததற்கே எனக்கு என் மேல் கோபம் வந்தது.

"உதுதான்" என்றேன்.

"அப்ப பழைய போனிலை இருக்கிற எல்லாத்தையும் இதுக்கு மாத்திவிடட்டோ, அங்கிள்?"

"வேண்டாம், வேண்டாம். ஒண்டும் மாத்தவேண்டாம்!" இவர் கிட்டத்தட்டப் பாய்ந்தார்.

"ஏன் வேண்டாம்? பேரப்பிள்ளையின்ரை படமெல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு. நீர் மாத்தும் பிள்ளை" என்றேன் நான். பழைய போனை இவருடைய சட்டைப் பைக்குள்ளிருந்து நானே எடுத்து மேசையில் வைத்தேன். இவர் கோழி திருடினவன் போல முழித்தார். சாருஜா சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டு, ஏதோ செய்து, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள்.

வரைபடத்தைத் திறந்ததும் போன் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே செல்ல வேண்டும் என்று கேட்டது.

"உதுக்கு ஒரு முறை தலை தெரியாதோ?" என்றேன். "வெளிக்கிடேக்கையே எங்கை எண்டு கேக்குது!"

"கேக்காட்டி அது எப்பிடி அன்ரி வழி சொல்லும்?" என்று சாருஜா சிரித்தாள். "வாங்கோ, காருக்குள்ளை வைச்சுப் பாப்பம். வெயிலுக்கை தெரியுதோ எண்டு நீங்களே சொல்லுங்கோ."

போனைப் பிடித்து வைக்கிற தாங்கியையும் எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். கார் கடைக்கு முன்னால் நல்ல வெயிலில் நின்றது. தாங்கியைக் கண்ணாடியில் ஒட்டி, போனைச் செருகி, சார்ஜர் வயரையும் கொழுவினாள். நான் இடது பக்கச் சீற்றில் இருந்தேன். இவர் திறப்பைப் போட்டுக் காரை எழுப்பினார். ஸ்கிரீன் வெயிலில் வடிவாகத் தெரிந்தது.

"தெல்லிப்பழைக்கு முப்பத்திரண்டு நிமிடம்" என்றது போன். "போக்குவரத்து குறைவாக உள்ளது."

நான் சாருஜாவைப் பார்த்தேன். "ஆர் இதட்டைத் தெல்லிப்பழை எண்டு கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை அன்ரி, அது தானாச் சொல்லுது. இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எல்லே. அங்கிள் செவ்வாயிலை வழமையாப் போற இடம் போலை. போன் பொக்கற்றுக்குள்ளை சும்மா கிடந்தாலும் போற வாற இடத்தைக் குறிச்சு வைச்சிருக்கும்."

அவள் போனின் கெட்டித்தனத்தைச் சொல்லத்தான் சொன்னாள். என் முகத்தைக் கண்டதும் வாயை மூடிவிட்டாள். இவர் ஸ்டியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். காது மடல் சிவந்துபோய் இருந்தது.

"காட்டும் பிள்ளை" என்றேன். "வேறை எங்கை எங்கை போறார் எண்டும் காட்டும்."

"அன்ரி, அது..."

"காட்டும் எண்டுறன்!"

சாருஜா யன்னலுக்குள்ளால் கையை விட்டு எதையோ தொட்டாள். வரைபடத்தில் இரண்டு சிவப்புக் குறிகள் வந்தன. ஒன்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. ஐயோ கடவுளே! நாலு மாதமாகக் கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரி. இந்த மனிசனுக்கு என்னவோ பெரிய வருத்தம், எனக்குச் சொல்லாமல் தனியாகப் போய் வருகிறார். நான் இவருடைய கையைப் பிடித்து உலுக்கினேன்.

"உங்களுக்கு என்ன? சொல்லுங்கோ! என்ன வருத்தம்?"

"எனக்கு ஒண்டும் இல்லை" என்றார்.

"பின்னை ஏன் ஆஸ்பத்திரி?"

நான் மற்றக் குறியைப் பார்த்தேன். அது சண்டிலிப்பாயில் இருந்தது. எங்கள் வீடாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சாருஜா மேலே இருந்து எடுத்த படத்துக்கு மாற்றிப் பெரிதாக்கினாள். என் வீட்டுக் கூரை தெரிந்தது, நீலத் தண்ணித் தாங்கி தெரிந்தது, கிணறு தெரிந்தது. குறி என் வீட்டில் இல்லை. கிணற்றுக்குப் பின்னால் நூல் ஓடின மாதிரி ஒரு கோடு. என் எட்டடி மதில் மேலே இருந்து பார்த்தால் அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு அங்கால், ஓடு உடைந்து தறப்பாள் போட்டு மூடின ஒரு கூரையின் மேல் குறி நின்றது.

அது அக்காவின் வீடு. என் குசினியிலிருந்து இருபது யார் தூரம்.

"ஓம், கொக்காவை, உம்மடை அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போறனான்" என்றார் இவர். "தொண்டையிலை புற்று. தைமாதம் கண்டுபிடிச்சது. அவவின்ரை மகன் கஜீவன் கனடாவிலை, அவனுக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்லை, வர ஏலாது. கொக்கா பஸ்ஸிலை ஏறி ஏறிப் போறதை ஒருநாள் சந்தியிலை கண்டன். என்னாலை பாத்துக்கொண்டு வர ஏலேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" நான் கத்தினேன். றோட்டால் போன ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"எப்பிடிச் சொல்லுறது? கொக்காவின்ரை பேரை எடுத்தாலே கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போறனீர். அவவும் கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவ. குணத்துக்குச் சொல்லாதேங்கோ, நான் வருத்தத்தைக் காட்டிக் காணியை விட்டுத்தரக் கேக்கிறன் எண்டு நினைப்பாள் எண்டு."

அப்படி நினைத்திருப்பேனா? நினைத்திருப்பேன். அதுதான் என்னை உயிரோடு உரித்தது.

"நாளைக்கு ஒப்பரேசன்" என்றார் இவர். "இண்டைக்கு ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாட்டிலை கொண்டுபோய் விடவேணும். தொண்டைக்குள்ளை குரல் வாற இடத்தை முழுசா எடுக்கப் போயினம். அதுக்குப் பிறகு அவவாலை கதைக்க ஏலாது. ஒருநாளும் ஏலாது."

அப்போதுதான் காலையில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நாலு மாதமாகச் சத்தமே இல்லை. காதுக்கு நிம்மதி. இரண்டு வரிக் கல்லு வைத்து அக்காவின் குரலை அடக்கிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், இருபது யார் தூரத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. மதில் மறிக்கவில்லை. எட்டடியில் மறிக்காததை இரண்டு வரிக் கல் எப்படி மறிக்கும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சாருஜா யன்னலில் கையை வைத்தபடி திகைத்துப்போய் நின்றாள்.

"காரை எடுங்கோ" என்றேன்.

"எங்கை..." என்று தொடங்கி, பழக்க தோசத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எங்கையோ? அக்காவட்டை! எடுங்கோ கெதியா!"

மானிப்பாய் தாண்டும்போது போன் அடித்தது. நான் எடுத்தேன். "அன்ரி, நான் சாருஜா. போனைக் கொண்டு போட்டியள்!" என்றாள். அட கோதாரி! காசும் குடுக்காமல், தாங்கியோடும் வயரோடும் கடைச் சாமானைக் கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறோம். பழைய போன் அவளுடைய மேசையில் கிடந்தது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. "நாளைக்குக் கொண்டு வாங்கோ அன்ரி, முதலிலை அக்காவைப் பாருங்கோ" என்று அந்தப் பிள்ளை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என் வீட்டுப் படலையைத் தாண்டி, கோயிலைச் சுற்றி, பின் ஒழுங்கைக்குள் கார் இறங்கியது. பதினொரு வருடமாக நான் கால் வைக்காத ஒழுங்கை. "நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது" என்று போன் சொன்னது.

அக்கா விறாந்தையில் ஒரு பையோடு இருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. காரிலிருந்து நான் இறங்குவதைக் கண்டு எழும்பப் பார்த்தாள், முடியவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழி முழுக்க நான் யோசித்து வந்த வார்த்தைகள் அத்தனையும் எங்கோ போய்விட்டன. என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"உந்தச் சீலையோடையோ ஆஸ்பத்திரிக்குப் போறாய்?"

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "ஏன், கலியாண வீட்டுக்கோ போறன்?" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். கோயிலடி வரைக்கும் போன குரல், முற்றத்தைத் தாண்டவில்லை. காய்ந்த பனை வடலி ஓலையை இழுத்துக்கொண்டு போவது போல ஒரு கரகரப்பு. நான் போய் அவளைக் கட்டிப் பிடித்தேன். அவளும் என்னைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு குத்தியது. இவர் பையை எடுத்துக் காரில் வைக்கிற சாட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பின் சீற்றில் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். அக்கா கதைக்கத் தொடங்கினாள். தொண்டைக்கு வேலை குடுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னவராம். "இண்டைக்கு மிச்சம் வைச்சு என்னத்துக்கு?" என்று அவள் கேட்டாள். கஜீவனுக்குப் பெண் பிள்ளை பிறந்தது, ஆடு மூன்று குட்டி போட்டது, போன மாரிக்குக் கூரை ஒழுகினது எல்லாம் சொன்னாள். நான் நிவேதனாவின் கதையைச் சொன்னேன். வேலிக் கதையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இடையிடையே போன் குறுக்கே வந்தது. "வலதுபுறம் திரும்பவும்" என்றது. இவர் அளவெட்டிப் பக்கம் திரும்பாமல் நேரே பண்டத்தரிப்புக்கு விட்டார். "பாதை மாற்றப்படுகிறது" என்றது. இளவாலையில் மறுபடி திரும்பச் சொன்னது. அங்கேயும் இவர் திரும்பவில்லை.

"உவள் ஆர், எங்களைக் கதைக்க விடுறாள் இல்லை?" என்றாள் அக்கா.

"புதுப் போன். நல்ல சத்தமா வேணுமெண்டு நான்தான் எடுத்தனான். இந்த மனிசன் அவள் சொல்லுறதையும் கேக்குதில்லை" என்றேன். "இஞ்சருங்கோ, தென்னந்தோட்டம் காணாதோ? மணி என்ன எண்டு தெரியுமோ?"

"வழி மாறிப்போச்சு" என்றார் இவர். கீரிமலைக் கடல் தெரிந்தது. போன் ஐந்தாம் தரமும் பாதையை மாற்றியது. அக்கா என் மடியில் கையை வைத்துக்கொண்டு, குரல் உடைய உடைய, சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டே வந்தாள்.

வாட்டுக்குப் போய்ச் சேர நாலு மணி. தாதி மிஸ்ஸி கோபத்தோடு நின்றாள். "ரெண்டு மணிக்கு வரச் சொன்னது" என்றாள். இவர் தலையைச் சொறிந்துகொண்டு வழி மாறின கதையைச் சொன்னார்.

"என்ன ஐயா கதைக்கிறியள்? கிழமைக்கு ரெண்டு தரம் வாற உங்களுக்கு வழி தெரியாதோ?" என்றாள் மிஸ்ஸி.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். நாற்பது வருடம் இந்த மனிசனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு இவரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அந்த நிமிடம்தான் விளங்கியது. இவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிக்கிற மாதிரி நின்றார்.

அடுத்த நாள் காலை அக்காவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவடியில் என்னைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றாள். நான் "ஓம்" என்றேன். அவளுடைய தொண்டையிலிருந்து வந்த கடைசிச் சொல் அதுதான்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டபிறகுதான் கடைக்குப் போனோம். சாருஜா எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். புதிதாக இன்னொரு போன் வந்திருக்கிறது, பற்றரி இன்னும் கூட நிற்கும், வேண்டுமென்றால் மாற்றித் தரலாம் என்றாள்.

"வேண்டாம் பிள்ளை, இதுதான்" என்றேன். "கதைக்க ஏலாத ஆக்கள் எழுதினா, இது வாசிச்சுச் சொல்லுமோ?"

"ஓம் அன்ரி. வழி சொல்லுற அதே குரல்தான் வாசிக்கும்" என்றாள். எங்கே எழுதுவது, எதை அமத்துவது என்று காட்டித் தந்தாள். நான் இரண்டு தரம் செய்து பார்த்துப் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா சாய்ந்து இருக்கிற அளவுக்கு வந்தாள். கழுத்து முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தாள், உதடு அசைந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. அவளுடைய கண்ணில் வந்த பயத்தை நான் பார்த்தேன். போனை அவளுடைய கையில் வைத்து, செய்கிற விதத்தைக் காட்டினேன். ஒரு விரலால் குத்திக் குத்தி நெடுநேரம் எழுதினாள். பிறகு பொத்தானை அமத்தினாள்.

"அந்த வேலியை நான் அரக்கேல்லை" என்றது போன்.

வாட்டே திரும்பிப் பார்த்தது. சத்தம் முழு அளவில் இருந்தது. இந்தியப் பொம்பிளை எங்கள் தமிழைக் கடித்துக் கடித்து வாசித்தாள். எடுத்த அன்றைக்குக் கடையில் நாலு பேரைத் திருப்பின அதே குரல், இப்போது என் அக்காவாகி எனக்கு முன்னால் இருந்தது.

"நீதான் அரக்கினனி!" என்றேன்.

அவள் திரும்பவும் குத்தினாள். "உனக்கு விசர்" என்றது போன். எனக்குப் பைத்தியமாம். பக்கத்துக் கட்டில் மனிசி சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், சத்தம் இல்லை.

நோயாளரைப் பார்க்கிற நேரம் முடிந்து மணி அடித்தது. இவர் எழும்பி முதலில் வெளியே போனார். நான் கண்ணைத் துடைத்து, பையை எடுத்துக்கொண்டு, "போட்டு வாறன் அக்கா" என்றேன். போனை அவளிடமே விட்டுவிட்டுக் கதவடிக்குப் போனேன்.

"எங்கை போறாய்?"

பின்னாலிருந்து போன் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். வெளிக்கிட்டு நிற்கிற என்னை அறுபத்திரண்டு வயதுக்குள் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். அக்கா போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன்.

"ஒரு இடமும் போகேல்லை அக்கா" என்றேன்.